பஸ் ஸ்டாப் போர்டில் கரண்ட் எங்கே போகிறது?

எங்கள் தெரு முனை பஸ் ஸ்டாப்பில் சில வருடங்களுக்கு முன் ஒரு எல்இடி போர்டு மாட்டினார்கள். மாட்டிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. ‘அடுத்த பேருந்து’ என்று சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக நகரும். ஊர்ப் பெயர் முழுதாக வந்து முடிவதற்குள் சில நாள் பஸ்ஸே வந்துவிடும். பிறகு மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் எடுக்க வந்த ஜேசிபி, போர்டுக்குப் போன கேபிளையும் சேர்த்து அள்ளிவிட்டது. அதைத் திரும்ப இழுக்க வேண்டியது போர்டு வைத்தவரா, பள்ளம் தோண்டியவரா, இ.பி.க்காரரா என்ற கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது போர்டின் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தகவல் பலகை என்ற பேரைக் காப்பாற்றுவது அதுதான்: பெயர், தேதி, நேரம், இடம் எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறது.

குறைந்த மின்சாரத்தில் ஓடும் திரைகள் என்று பேச்சு வந்தால் எல்லோரும் கரண்ட் பில்லைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வரும். அது பில் கட்டாமல் சாகவில்லை, ஒயர் அறுந்து செத்தது. பஸ் ஸ்டாப் என்பது பெரும்பாலும் சாலையோரத்தில் நடப்பட்ட ஒரு கம்பம். அதற்கு மின் இணைப்பு வேண்டுமானால் மீட்டர் பெட்டி, ரோடு கட் அனுமதி, பள்ளம், எர்த்திங், மேலே மூடும் தார் எல்லாம் வேண்டும். ஒயரே தேவைப்படாத அளவுக்குக் குறைவாகக் கரண்ட் குடிக்கும் போர்டு கிடைத்தால் இந்த வரிசையே காணாமல் போகும். மிச்சமாகும் யூனிட்டெல்லாம் அதற்கு முன் சில்லறைக் காசு.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்திலேயே சொல்லும் ‘கவுன்ட்டவுன்’ போர்டை அங்கே 1992இல் 18ஆம் நம்பர் ரூட்டில் சோதித்துப் பார்த்தார்கள். மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் புள்ளிகளில் எழுத்து ஒளிரும் போர்டு அது. மக்களுக்குப் பிடித்தும் போனது. ஆனாலும் சுமார் 19,000 நிறுத்தங்கள் உள்ள அந்த நகரத்தில் அந்த போர்டு போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 2,500 நிறுத்தங்களுக்குத்தான். பஸ்கள் எல்லாவற்றிலும் இருப்பிடம் சொல்லும் கருவி இருந்தது, கணிப்பு தயாராக இருந்தது, செல்போனில் பார்க்கவும் முடிந்தது. எட்டில் ஏழு நிறுத்தங்களில் மட்டும் அதைக் காட்ட இடமில்லை. 2015 கடைசியில் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் சில நிறுத்தங்களில் வேறு மாதிரி பலகை ஒன்றைச் சோதனைக்கு வைத்தது. கறுப்பு வெள்ளை. ஒளி கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் அச்சடித்து ஒட்டிய காகிதம் போலவே இருக்கும்.

அதுதான் மின்தாள். ‘இ-பேப்பர்’ என்றால் நம்மில் பாதிப் பேருக்கு நாளிதழின் பிடிஎஃப்தான் நினைவுக்கு வரும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க மின்தாள் என்றே சொல்கிறேன். கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அந்தத் திரைதான் பெரிதாக, கம்பத்தில் ஏறி நிற்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். மெல்லிய படலம் ஒன்றில் லட்சக்கணக்கான நுண்ணிய குமிழ்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமன்தான் இருக்கும், சுமார் 100 மைக்ரான். குமிழுக்குள் நிறமில்லாத எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதில் இரண்டு வகைத் துகள்கள் மிதக்கின்றன. வெள்ளைத் துகள் டைட்டானியம் டை ஆக்சைடு, சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருப்பது. கறுப்புத் துகள் கார்பன், அதாவது டயருக்கும் அச்சு மைக்கும் கறுப்பு தரும் கரி. ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர் மின்னூட்டம். அடியில் உள்ள மின்முனையில் ஏறத்தாழ 15 வோல்ட்டை ஒரு திசையில் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், கறுப்பு கீழே போகும்; திசையை மாற்றினால் தலைகீழ். மேலே வந்து நின்றதைத்தான் நம் கண் பார்க்கிறது.

இதில் முக்கியமான சங்கதி, வோல்ட்டை எடுத்துவிட்டாலும் துகள் அங்கேயே நிற்கும். திரவத்தின் பிசுபிசுப்பும், துகள்களுக்கு ஒன்றோடொன்று உள்ள ஒட்டுதலும் அதைக் கீழே விடாது. எழுதுவதற்கு மட்டும் கரண்ட், எழுதியதை வைத்திருக்க வேண்டாம். எல்சிடி திரை ஒரு நொடியில் பலமுறை தன் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கிறது, பின்னால் விளக்கும் எரிகிறது. எல்இடி போர்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பல்பு. கரண்ட் நின்ற கணத்தில் இரண்டும் அவ்வளவுதான்.

எழுதியதைக் கரண்ட் இல்லாமல் நிறுத்தி வைப்பது புது யோசனையும் இல்லை. இத்தாலியின் உடினே ஊரில் இருந்த சோலாரி நிறுவனம் செய்த படபட பலகையைப் பழைய ஐரோப்பிய ரயில் நிலையப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1956இல் பெல்ஜியத்தின் லியேஜ் நிலையத்தில் ஏறியது. சின்னச் சின்னத் தகடுகள் படபடவென்று புரண்டு ஊர்ப் பெயரும் நேரமும் வந்து நிற்கும். நின்ற பிறகு கரண்ட் வேண்டாம். 1961இல் கனடாவின் ஃபெர்ரான்டி-பேக்கார்ட் நிறுவனம் புரளும் புள்ளிப் பலகையைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் மஞ்சளும் பூசிய வட்டத் தகடு, காந்தத் துடிப்பு ஒன்றில் புரண்டு அப்படியே நிற்கும். மான்ட்ரியல் பங்குச் சந்தையில் அறிமுகமாகி, பிறகு உலகம் முழுக்க பஸ்களின் நெற்றியில் குடியேறியது. நம் ஊர் பஸ்ஸில் முன் கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த தகரப் பலகையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். கண்டக்டர் இறங்கித் திருப்பிப் போடும் வரை ஒரு பைசா கரண்ட் கிடையாது. சென்னையில் ‘ஒயிட் போர்டு’ என்றால் சாதாரணக் கட்டண பஸ் என்று நூறடி தூரத்திலேயே தெரியும். 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதும் அந்த வெள்ளை நிறத்தின் மதிப்பு எவ்வளவு கூடியது என்பது ஓடிப் போய் ஏறியவர்களுக்குத் தெரியும்.

மின்தாளுக்கான முயற்சிகள் 1970களிலேயே தொடங்கிவிட்டன. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் நிக் ஷெரிடன் பாதி கறுப்பு பாதி வெள்ளை உருண்டைகளைப் புரட்டிப் பார்த்தார். துகள்களைத் திரவத்தில் நகர்த்தும் வழியை வேறு சிலர் முயன்றார்கள். துகள்கள் நாளடைவில் ஒன்றுகூடிக் கட்டியாகி ஒரு மூலையில் போய்ப் படிந்துவிடும் என்பதுதான் இரண்டாவது வழியின் தலைவலி. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் துகள்களைக் குமிழ் குமிழாகச் சிறை வைத்தார்கள். கட்டியாக வேண்டும் என்றால் அந்த 100 மைக்ரானுக்குள்தான் ஆக முடியும். 1997இல் இ இங்க் நிறுவனம் பிறந்தது, 1998இல் நேச்சர் இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2004இல் சோனியின் வாசிப்புக் கருவி, 2007இல் கிண்டில். 2009இல் தைவானின் பிரைம் வியூ நிறுவனம் இ இங்கை வாங்கிக்கொண்டது. இன்றும் இந்தப் படலத்தின் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில் இருந்துதான் வருகிறது. பெரிய மின்தாள் திரை இன்னும் விலை இறங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெயிலுக்கு வருவோம். பஸ் ஸ்டாப் போர்டுக்கு உண்மையான பரீட்சை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான். உச்சி வெயிலில் செல்போனைப் பார்க்கக் கையால் குடை பிடிக்கிறோம் அல்லவா, அதே கஷ்டம் எல்சிடி போர்டுக்கும் உண்டு. வெளியில் வைப்பதற்கென்றே செய்த எல்சிடிகள் 2,500 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வரைக்கும் பிரகாசமாக எரிகின்றன. அதற்காகவே நூறு வாட்டுக்கு மேல் தின்கின்றன. அந்தச் சூட்டை வெளியேற்ற மின்விசிறி வேறு. மின்தாள் சூரியனோடு சண்டை போடுவதில்லை. நேர் வெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அலகு). மின்தாளின் வெள்ளை அதில் 40 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புகிறது. அது எல்லாத் திசையிலும் சிதறுவதால் பை (3.14) ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் 12,000 நிட்டுக்கு மேல் வருகிறது. விலை உயர்ந்த எல்சிடியைப்போல ஐந்து மடங்கு பிரகாசம், இலவசமாக. வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் தெளிவாகும்.

இருட்டினால் கதை மாறும். தெருவிளக்கு பக்கத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சின்ன எல்இடி வரிசை வைத்தாக வேண்டும். இங்கேதான் ‘பூஜ்ஜிய மின்சாரம்’ என்ற விளம்பர வாசகம் மெல்ல ஆட்டம் காண்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 5 மணி முதல் இரவு 11 வரை 18 மணி நேரம் பஸ் ஓடுகிறது. போர்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் படத்தை மாற்றுகிறது. ஒரு நாளைக்கு 1,080 தடவை. ஏ4 காகிதத்தை விடச் சற்றே சிறிய 13 அங்குலத் திரை, மாற்றும் அந்த ஒரு நொடிக்கு 2 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதற்கும் 2,160 ஜூல், அதாவது 0.6 வாட்-மணி. வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு நான்கு நிமிடத்தில் இதைத் தீர்த்துவிடும்.

அடுத்தது ரேடியோ. பஸ் எங்கே வருகிறது என்பது சர்வருக்குத்தான் தெரியும். போர்டு 4ஜி மோடம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும் செய்தி சில நூறு பைட்தான், ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் பேசி முடித்ததும் நெட்வொர்க் மோடத்தை உடனே தூங்க விடாது. இன்னும் ஏதாவது வருமோ என்று சுமார் 10 நொடி விழிக்க வைத்திருக்கும். விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் வாசலில் நின்று பேசுகிற கதை. நிமிடத்துக்கு 10 நொடி என்றால் 18 மணி நேரத்தில் 3 மணி நேரம். மோடம் விழித்திருக்கையில் 1 வாட் எடுத்தாலும் 3 வாட்-மணி ஆகிவிட்டது. திரையைப்போல ஐந்து மடங்கு! மோடத்தைத் தூங்கவே விடாமல் நாள் முழுக்க இணைப்பில் வைத்தால் 18 வாட்-மணி, அதாவது முப்பது மடங்கு. இரவு விளக்குக்கு 1 வாட்டில் ஐந்து மணி நேரம் என்று 5 வாட்-மணி. உள்ளே உள்ள சிப்பு, மின்னழுத்தம் மாற்றும் சர்க்யூட் என்று இன்னொரு 1 அல்லது 1.5. ஆக, நாளுக்குச் சுமார் 10 வாட்-மணி. இதில் பேர் வாங்குகிற திரையின் பங்கு ஆறு சதவீதம்.

திரை கரண்ட் குடிக்காது என்று தெரிந்ததும் பெட்டிக்குள் மற்றதையெல்லாம் அலட்சியமாகப் போட்டுவிடுவது சுலபம். முழு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை எந்நேரமும் ஓடவிட்டு, மோடத்தை எப்போதும் இணைப்பில் வைத்து, அதன்மேல் ஒரு மின்தாளை ஒட்டிவிட்டுப் ‘பசுமை போர்டு’ என்று பெயர் வைத்தால் அது கணக்குத் தெரியாதவர்களிடம்தான் செல்லுபடியாகும். நல்ல போர்டு வருடத்தின் பெரும்பகுதியைத் தூக்கத்தில் கழிக்கும். விழிக்க வேண்டிய நேரத்தில் விழித்து, கேட்டு, மாற்றம் இருந்தால் மட்டும் எழுதி, மறுபடி படுத்துவிடும். அடுத்த பஸ் இருபது நிமிடம் தள்ளி என்றால் நிமிடத்துக்கு நிமிடம் எழுந்து பார்க்க அவசியமே இல்லை.

அந்த 10 வாட்-மணி எவ்வளவு சின்னது என்பதற்கு ஒப்பீடு வேண்டுமா? 150 வாட் எல்சிடி போர்டு அதே 18 மணி நேரத்தில் 2.7 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி) எடுக்கும், மாதம் 81 யூனிட். மின்தாள் போர்டுக்கு மாதம் 0.3 யூனிட். இந்த அளவுக்கு இறங்கியதும் ஒரு பைக் பேட்டரி போதும். 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 60 வாட்-மணி. கார்த்திகை மாதத்து அடைமழை ஐந்து நாள் நீடித்தாலும் தாங்கும். தமிழ்நாட்டு வெயில் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவில் தருகிறது, அதாவது முழு உச்சி வெயில் ஐந்து மணி நேரம் அடித்த கணக்கு. 20 வாட் சோலார் பேனல் ஏட்டுக்கணக்கில் 100 வாட்-மணி கொடுக்கும். தூசி, காக்கை எச்சம், வேப்ப மர நிழல் எல்லாம் போக பாதி வந்தாலும் தேவையைப்போல ஐந்து மடங்கு. இதே பெட்டியை லண்டனில் டிசம்பரில் வைத்தால் அங்கே கிடைப்பது நாளுக்கு 1 யூனிட்டுக்கும் கீழே. அதே பாதிக் கணக்கில் 10 வாட்-மணியே எட்டாது. அங்கே வடிவமைப்பவர் ஒவ்வொரு நொடி ரேடியோவுக்கும் கணக்குப் பார்ப்பார். நம் ஊரில் வடிவமைப்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

நம் கவலை வேறு. குமிழுக்குள் இருப்பது திரவம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, குளிரில் அது கெட்டிப்பட்டுத் துகள் நகரத் தயங்கும். அதனால் திரையோடு ஒரு வெப்பமானியும் உண்டு. இத்தனை டிகிரிக்கு இத்தனை மில்லிநொடி என்று முன்பே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் அது வோல்ட்டைக் கொடுக்கிறது. பாஸ்டனின் தரைமட்ட ரயில் நிறுத்தங்களில் சூரிய மின்சாரத்தில் ஓடும் மின்தாள் பலகைகளைச் சோதித்தவர்களுக்குப் பனிக்காலம்தான் பெரிய கேள்வியாக இருந்திருக்கும். நமக்கு மே மாதம். சாதாரண மின்தாள் 50 டிகிரி வரைக்கும்தான். வெளியில் வைப்பதற்கென்று செய்தவை இன்னும் கொஞ்சம் மேலே தாங்கும். வெளியே 42 டிகிரி அடிக்கும் திருத்தணியில், கண்ணாடி மூடிய கறுப்புப் பெட்டிக்குள் 60ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. கூடவே புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் பட்டால் வெள்ளை பழுக்கும். பெட்டிக்கு வெள்ளை பெயின்ட், காற்றோட்டம், மேலே ஒரு சின்னக் கூரை, திரைக்குப் புற ஊதாவைத் தடுக்கும் படலம். வெளிநாட்டு போர்டை அப்படியே இறக்கி மாட்டினால் முதல் கோடையிலேயே விடை தெரிந்துவிடும்.

இன்னொரு தொல்லை கண் சிமிட்டல். பழைய எழுத்தின் சாயல் லேசாகத் தங்கிவிடும் என்பதால் அவ்வப்போது திரையை முழுக்கக் கறுப்பாக்கி, வெள்ளையாக்கி, பிறகு எழுத வேண்டும். கிண்டிலில் பக்கம் திருப்பும்போது பளிச்சென்று மின்னுகிறதே, அதுதான். நிமிட எண் மட்டும் மாறும்போது அந்தச் சின்னச் சதுரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாலைந்து தடவைக்கு ஒருமுறை, ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து முழுச் சிமிட்டல். கலர் மின்தாளும் வந்துவிட்டது. அதில் சில வகைகள் ஒரு படத்தை மாற்றப் பத்து நொடிக்கு மேல் எடுக்கும். அப்படிப்பட்டதற்கு பஸ் ஸ்டாப்பில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை, விளம்பரத்துக்கு வேண்டுமானால் ஆகும்.

நம் மொழிக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பழைய எல்இடி போர்டில் ஒரு வரிக்கு உயரம் 16 புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது தாராளம். தமிழுக்கு? ‘கீ’யின் சுழி மேலே ஏற வேண்டும், ‘மூ’வின் வால் கீழே இறங்க வேண்டும், ‘ணை’ அகலத்தில் இரண்டு எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 16 புள்ளிக்குள் இதையெல்லாம் அடைத்தால் ‘ள’வும் ‘ன’வும் ஒரே ஜாடைக்கு வந்துவிடுகின்றன. ‘கும்மிடிப்பூண்டி’யை ஒரே பார்வையில் காட்ட இடம் போதாது, அதனால் ஓடவிட வேண்டியிருக்கிறது. ஓடும் எழுத்தை வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவதை எந்த ஸ்டாப்பிலும் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் பையனிடம் “தம்பி, அது என்ன நம்பர் போட்டிருக்கு?” என்று கேட்டுவிடுகிறார்கள். 13 அங்குல மின்தாளில் 1,600க்கு 1,200 புள்ளிகள் கிடைக்கின்றன. அச்சில் வருகிற தமிழ் அப்படியே வரும், நகராமல் நிற்கும்.

ஆனால் தமிழைச் சரியாக வரைவது அந்தச் சின்ன சிப்புக்குச் சுலபமான காரியம் இல்லை. ‘பெ’ என்று எழுதினால் கம்ப்யூட்டருக்குள் பகரம் முதலில், ஒற்றைக்கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘பொ’ என்றால் இரண்டு பக்கமும் பிரித்து வைக்க வேண்டும். ‘கு’, ‘து’, ‘டு’ ஒவ்வொன்றும் உகரத்தை ஒவ்வொரு விதமாக ஏற்கும். இந்த விதிகள் தெரியாத மென்பொருள் ‘பெரம்பூரை’ எப்படிக் கொம்பு தப்பிப் போடும் என்பதை நாம் எத்தனையோ ரசீதுகளில் பார்த்தாயிற்று. அதனால் எழுத்தை சர்வரிலேயே வரைந்து, படமாக அனுப்பிவிடுவது ஒரு வழி. முழுத் திரையும் கறுப்பு வெள்ளைப் படமாக 240 கிலோபைட். பெரும்பகுதி வெறும் வெள்ளை என்பதால் சுருக்கினால் சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். இன்னும் கெட்டிக்காரத்தனம் வேண்டுமென்றால் ஊர்ப் பெயர்களை ஒருமுறை மட்டும் படமாக அனுப்பி போர்டிலேயே சேமித்து வைத்துவிட்டு, அன்றாடம் எண்களை மட்டும் அனுப்பலாம். ஒரு ஸ்டாப்பில் நிற்கும் ரூட்டுகள் எப்படியும் இருபது முப்பதைத் தாண்டாது. ரேடியோ நேரம் மிச்சம், கொம்பும் தப்பாது.

ஜப்பானில் இதே திரையை வேறு காரணத்துக்காக விரும்புகிறார்கள். அங்கே நேர அட்டவணை மாறும்போதெல்லாம் ஆட்கள் இரவோடு இரவாக ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்த் தாளை மாற்றி ஒட்ட வேண்டும். ஆள் பஞ்சம் உள்ள நாட்டில் அது பெரிய வேலை. கியூஷு தீவில் நிஷிடெட்சு பஸ் குழுமம் தொடங்கி வைத்த ‘ஸ்மார்ட் பஸ் ஸ்டாப்’ முயற்சியில் பேட்டரியில் ஓடும் பலகைகளும் உண்டு. அட்டவணை சொன்ன நிமிடத்துக்கு பஸ் வரும் என்று நம்புகிற ஊரில், பலகை நிமிடத்துக்கு நிமிடம் மாறத் தேவையில்லை. நாளைக்குச் சில முறை மாறினாலே போதும். நம் ஊர் டிராஃபிக்கில் அட்டவணையை மட்டும் நம்பி நிற்பவர் யாரும் இல்லை. எத்தனை மணிக்கு என்பதை விட, பஸ் கிளம்பியதா இல்லையா என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

அந்தச் சேதியில்தான் மின்தாளின் பெரிய ஆபத்தும் இருக்கிறது. எல்இடி போர்டு செத்தால் இருட்டாகிவிடும். செத்தது என்று எல்லோருக்கும் தெரியும். மின்தாள் செத்தால் கடைசியாக எழுதியதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘29சி - 3 நிமிடம்’ என்று எழுதிய கையோடு பேட்டரி தீர்ந்துபோனால், அன்று மாலையும் 3 நிமிடம், அடுத்த வாரமும் 3 நிமிடம். கரண்ட் இல்லாமலும் எழுத்து நிற்கும் என்பதற்காகத்தான் இதை வாங்கினோம். அதே குணம் இப்போது பயணியிடம் பொய் சொல்கிறது. சார்ஜ் இருந்து சிக்னல் மட்டும் போனாலும் இதே நிலைதான். போர்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மக்கள் செல்போனைப் பார்ப்பார்கள், பக்கத்துக் கடையில் கேட்பார்கள். வேலை செய்வதுபோல நடிக்கும் போர்டை நம்பிப் பத்து நிமிடம் நின்றவர், அடுத்த முறை அது உண்மையைச் சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதற்குச் சில எளிய உபாயங்கள் உண்டு. ‘3 நிமிடம்’ என்பதற்குப் பதில் ‘6.45’ என்று மணியைப் போடலாம். அது நிமிடத்துக்கு நிமிடம் மாற வேண்டியதில்லை, பஸ் தாமதமானால் மட்டும் மாறினால் போதும், ரேடியோவும் மிச்சம். 6.45 என்ற எழுத்தை ஏழு மணிக்குப் பார்ப்பவர் அது பழையது என்று தானே கண்டுகொள்வார். ஆனால் நிமிடக் கணக்குக்குப் பழகியவர்களுக்கு மணியைப் பார்த்து மனக்கணக்கு போடுவது பிடிப்பதில்லை என்ற வாதமும் நியாயம்தான். அதனால் பத்து நிமிடத்துக்குள் வரும் பஸ்ஸுக்கு நிமிடமும், அதற்கு மேல் மணியும் என்று கலந்து போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மூலையில் சின்னதாக ‘கடைசியாகப் பார்த்தது 6.42’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பார்வையற்றவர்களுக்காகப் பட்டனை அழுத்தினால் வாசிக்கும் வசதி வைத்தால், அந்தக் குரலும் இந்த வரியையே முதலில் சொல்ல வேண்டும்.

மிச்சமிருப்பது கடைசி மூச்சு. போர்டுக்குள் பேட்டரியைத் தவிர, கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டைவிரல் நகம் அளவில் தனியாக வைத்துவிடலாம். 5 வோல்ட்டில் 1 ஃபாரட் என்றால் 12.5 ஜூல். திரையை மாற்ற ஒரு தடவைக்கு 2 ஜூல் என்று மேலே கணக்குப் போட்டோம். வழியில் வீணாவது போகவும் தாராளமாக மிஞ்சும். பேட்டரி கைவிட்டது, அல்லது ஒரு மணி நேரமாக சர்வரிடம் இருந்து பேச்சே இல்லை என்றால், போர்டு அந்த மிச்சத்தை எடுத்துத் திரையை ஒருமுறை சிமிட்டி, பஸ் நேரங்களையெல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் எழுத வேண்டும்: ‘இந்த போர்டு இப்போது வேலை செய்யவில்லை. முதல் பஸ் 5.10, கடைசி பஸ் 10.40.’ எழுதிவிட்டு அணைந்துவிடலாம். ரிப்பேர்க்காரர் வர மாதக்கணக்கில் ஆனாலும், அந்த வரி அங்கேயே நிற்கும்.